கையடித்த தேதி

என் மச்சான் ரைன்டருக்கு நகராட்சி இரண்டாயிரத்து இருநூறு யூரோ மானியம் தர மறுத்ததற்குப் பாதிக் காரணம் நான்தான். மீதிப் பாதிக்கு என் பேத்தி லோட்டெ காரணம் என்று என் மனைவி டினி சொல்வாள். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தை மேல் பழி போடலாமா என்று நான் அவளோடு சண்டைக்குப் போவேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ரைன்டர் டினியின் அண்ணன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தன் அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போனவர், சந்தையை மூடும் வரைக்கும் அங்கேதான் இருந்தார். எங்கள் ட்ரென்ட மாகாணத்தில் அவர் மாடு வாங்கி விற்காத பண்ணை இருக்காது. ஆள் உயரம். இரண்டு உள்ளங்கையும் ரொட்டி சுடும் தட்டு மாதிரி அகலம். அந்தக் கையை வைத்துத்தான் அவர் முப்பத்தொன்பது வருடம் பிழைத்தார்.

எங்கள் ஊர்ச் சந்தையில் கையடித்துத்தான் விலை பேசுவார்கள். விற்பவன் ஒரு விலையைச் சொல்லி வாங்குகிறவனின் உள்ளங்கையில் ஓங்கி அடிப்பான். வாங்குகிறவன் அதைவிடக் குறைத்துச் சொல்லித் திருப்பி அடிப்பான். இப்படியே மாறி மாறி அடித்துக்கொண்டு போய், கடைசியாக ஒரு அடியில் இரண்டு பேரும் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டால் வியாபாரம் முடிந்தது. காகிதம் கிடையாது, சாட்சி கிடையாது. பிடித்த கையை விட்ட பிறகு மாடு செத்தாலும் வாங்கினவன் பணம் கொடுப்பான். பிறகு வேறொருவன் வந்து இரண்டு மடங்கு விலைக்குக் கேட்டாலும் விற்றவன் வாயைத் திறக்க மாட்டான்.

ரைன்டர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஒரு சினைப் பசுவுக்குக் கையடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வேறொருவன் அப்போதைய பணத்தில் இருநூறு கில்டர் கூடத் தருகிறேன் என்றதும், முதல் ஆளிடம் போய் “மன்னிச்சுக்கங்க, அப்பாவுக்கு இஷ்டமில்ல” என்று சொல்லிவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தையில் ஒருத்தரும் அவரிடம் கையை நீட்டவில்லை, அவ்வளவுதான். அதற்கடுத்த செவ்வாயும் நீட்டவில்லை. இரண்டு வருடம் அப்படியே போனது. மாடுகளுக்கு நடுவில் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்பார். முதன்முதலாகத் திரும்பக் கையை நீட்டியவர், பின்னாளில் ரைன்டருக்கு மனைவியான ஃபெம்மி அக்காவின் அப்பா. நொண்டிக் கன்றுக்குட்டி ஒன்றை நல்ல கன்றின் விலைக்கு ரைன்டர் தலையில் கட்டினார். அந்தக் கன்றோடு பெண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்று ஊரில் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். ஃபெம்மி அக்கா அதைக் கேட்டு, “கன்னு மூணு வருஷத்துல செத்துப்போச்சு, நான்தான் இன்னும் நொண்டிக்கிட்டு இருக்கேன்” என்பாள்.

அவளுக்கு முழங்கால் மூட்டுகள் இரண்டும் போய்விட்டன. குளிர் ஆகாது. கேஸ் எரித்து வீட்டைச் சூடாக்குவதை விடு, கேஸை விடு என்று அரசாங்கம் சொன்னதைக் கேட்டு, கரண்டில் வீட்டைச் சூடாக்கும் மிஷினை அவர்கள் மாட்டினார்கள். அடுத்த குளிர்காலம் வந்த கரண்டு பில்லைப் பார்த்த பிறகு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற அறைக் கதவுகளின் அடியில் பழைய துண்டுகளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அதனால்தான் சோலார் பலகை போடுவது என்று முடிவானது. கேஸை விட்ட வீடுகளுக்கு நகராட்சி தனி மானியம் அறிவித்திருந்தது. கையிருப்பு நாலாயிரம். மானியத்தையும் சேர்த்தால் சரியாக இருக்கும். மானியம் வராவிட்டால் அந்த வீட்டில் விற்பதற்கு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் அவர்களுடைய காரவன்.

அந்தக் காரவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு கோடையாக ஃபெம்மி அக்கா அதில்தான் ஆமெலாண்ட் தீவுக்குப் போய்வந்தாள். ஜூலை முதல் வாரம் போனால் ஆகஸ்ட் நடுவில் திரும்புவாள். வெளிநாடு போனதில்லை, ஓட்டலில் தங்கியதில்லை. மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரே இடத்தில் நிறுத்தி, மடக்கு நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். மீதிப் பத்தரை மாதமும் அவள் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

மார்ச் மூன்றாம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கு என் மருமகன் போன் செய்தான். பெண் குழந்தை, மூன்று கிலோ நானூறு, தலை நிறைய முடி. நான் டினியைக் கட்டிப்பிடித்தேன். அவள் அழுதாள். பிறகு, குழந்தை பிறந்தால் எங்கள் ஊரில் கொடுக்கிற வழக்கப்படி, ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, மேலே ரோஜா நிறச் சோம்பு மிட்டாயைத் தூவி, ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினேன். செருப்பு மாற்றிப் போட்டிருந்தது என்பது ரைன்டர் வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

அங்கே கொட்டகைக்கு முன்னால் ரைன்டரும் ஹார்மும் கையடித்துக்கொண்டிருந்தார்கள். ஹார்ம் சோலார் பலகை மாட்டுகிறவன். நாற்பது வயதிருக்கும். அவன் அப்பா பழைய மாட்டு வியாபாரி, ரைன்டரோடு சந்தையில் நின்றவர். அதனால் அவனுக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

“ஆறாயிரத்து ஐநூறு, மாமா.” டப்.

“ஐயாயிரத்து எண்ணூறு.” டப்.

“மாமா, பத்து பலகை. சைனாக்காரன் விலையே அதுக்கு மேல. ஆறு முந்நூறு.” டப்.

“உங்கப்பன் எனக்கு வித்த மாடெல்லாம் பால் கறந்துச்சுன்னு நெனப்பா உனக்கு? ஆறு நூறு.” டப்.

“ஆறு இருநூறு. அதுக்குக் கீழ போனா என் பொண்டாட்டி என்னையே உங்க கூரை மேல மாட்டிருவா.”

ரைன்டர் சிரித்துக்கொண்டே அடித்தார். இந்த முறை கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் பிடித்துக் குலுக்கினார்கள். நான் நடுவில் தட்டை நீட்டினேன்.

“பேத்தி பொறந்திருக்கா.”

“பேர் என்ன?”

“லோட்டெ.”

“அப்ப ரெண்டு நல்ல காரியம் ஒரே நாள்ல” என்று சொல்லி ரைன்டர் இரண்டு ரஸ்க்கை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். மானியம் வரும் வரை பாக்கி இரண்டாயிரத்து இருநூறுக்குப் பொறுத்திருப்பதாக ஹார்ம் சொன்னான். அதுவும் அந்தக் கையடிக்குள் அடக்கம்.

மானியத்துக்கு மார்ச் இருபத்தொன்றில் மனுப் போட்டோம். ரைன்டர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, என் வீட்டில்தான் ஒற்றை விரலால் தட்டினேன். ஏப்ரல் இரண்டாம் தேதி ஹார்ம் ஒரு ஒப்பந்தக் காகிதம் கொண்டுவந்தான். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்கள் என்றான். ரைன்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் கடைசியில் நகராட்சியிலிருந்து, உங்கள் மனு ஏற்கப்பட்டது, வேலை முடிந்ததும் விவரங்களை அனுப்பவும் என்று கடிதம் வந்தது. மே மாதம் பலகைகள் கூரைக்குப் போயின. எல்லாம் சரியாக நடந்தது. கடைசி ஃபாரம் மட்டும் பாக்கி.

அந்த ஃபாரத்தை நிரப்பிய சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லோட்டெ எங்கள் வீட்டில் இருந்தாள், என் இடது கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கையால் தட்டினேன். வீட்டு எண், பலகை எத்தனை, விலை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் போய் ஒரு கேள்வி வந்தது.

“மச்சான், வேலைய ஹார்ம்கிட்ட நீ என்னைக்கு ஒப்படைச்சன்னு கேக்குது.”

“இதென்ன கேள்வி. உன் பேத்தி பொறந்த அன்னைக்கு.”

ஹார்மின் காகிதம் மேசையிலேயே கிடந்தது. அதன் மேல் ரைன்டரின் காபிக் கோப்பை இருந்தது. ஏப்ரல் இரண்டு என்று அதில் பெரிதாக அச்சடித்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. எனக்கோ அந்தத் தேதியை எங்கே எழுதச் சொன்னாலும் சந்தோஷம். மார்ச் மூன்று என்று தட்டிவிட்டு, கையில் தூங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டே அனுப்பும் பட்டனை அமுக்கினேன்.

ஜூன் கடைசியில் பதில் வந்தது. லோட்டெ குப்புற விழக் கற்றுக்கொண்ட வாரம். ரைன்டர் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“படி மாப்ள. நான் மூணு வாட்டி படிச்சுட்டேன். எனக்குப் புரியறது அவங்க சொல்றதா இருக்க முடியாது.”

புரிந்ததைத்தான் சொல்லியிருந்தார்கள். மனுப் போட்ட பிறகு வேலையைப் பலகை மாட்டுகிறவரிடம் ஒப்படைத்தவர்களுக்குத்தான் மானியம். நீங்கள் மனுப் போடுவதற்குப் பதினெட்டு நாள் முன்பே ஒப்படைத்துவிட்டீர்கள். மானியம் இல்லாமலேயே பலகை போட நீங்கள் முடிவு செய்திருந்தீர்கள் என்று ஆகிறது. ஆகவே மானியம் தேவையில்லை.

“தேவையில்லையாம்” என்றார் ரைன்டர். “எனக்குத் தேவையில்லன்னு எனக்கே லெட்டர் போடுறான்.”

நான் நகராட்சிக்குப் போன் செய்தேன். முப்பத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு பையன் வந்து, அது வேறு பிரிவு என்றான். வேறு பிரிவில் ஒரு பெண், விதி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறதே ஐயா, படிக்கவில்லையா என்றாள். தேதியைத் தப்பாகத் தட்டிவிட்டேன், மாற்ற முடியுமா என்று கேட்டேன். தப்பு என்று நிரூபிக்க முடியுமா என்றாள். பக்கத்தில் நின்ற ரைன்டர் போனைப் பிடுங்கினார்.

“அது தப்பான தேதி இல்லம்மா. அன்னைக்குத்தான் கையடிச்சோம்.”

“என்ன அடிச்சீங்க?”

நான் போனை வாங்கி வைத்துவிட்டேன்.

“மச்சான், உனக்கு ஏன் இந்த வாய்?”

“கேட்டா, சொன்னேன்.”

ஆட்சேபணை எழுதினோம். ஆறு வாரத்தில் பதில் என்று போட்டிருந்தது, இன்னும் ஆறு வாரம் ஆகும் என்று இன்னொரு கடிதம் வந்தது. நடுவில் அவர்கள் ஆமெலாண்டுக்குப் போய்வந்தார்கள். ஃபெம்மி அக்காவிடம் ரைன்டர் எதையும் சொல்லவில்லை. பணம் வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த ஆறு வாரமும் கடலைப் பார்த்துக்கொண்டு அவர் எப்படி வாயை மூடி உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி விசாரணை. அதற்குள் ஃபெம்மி அக்காவுக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது, ஏனென்றால் ரைன்டர் கோட் போட்டுக்கொண்டு கிளம்பினால் அவள் சாவு வீடு எங்கே என்று கேட்பாள். சொன்னதும் அவளும் வந்தாள். அவள், ரைன்டர், ஹார்ம், நான், நாலு பேரும் என் காரில் போனோம். வழியில் ஹார்ம் பாடம் நடத்தினான்.

“மாமா, கேளுங்க. நான் வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டேன். ஏப்ரல் ரெண்டாந்தேதி பேப்பர்தான் கணக்கு. மார்ச்ல நாம சும்மா விலை விசாரிச்சோம். அவ்ளோதான். அத மட்டும் சொல்லுங்க.”

ரைன்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, காதுல விழுதா?”

“விழுது.”

“நானும் அதையேதான் சொல்லப் போறேன்.”

“நீ சொல்லிக்க.”

பின் சீட்டிலிருந்து ஃபெம்மி அக்கா, “ரைன்டர், அந்தப் புள்ள சொல்றத சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்” என்றாள்.

அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் திருமதி ப்ரூன்ஸ் என்று பெயர்ப்பலகை வைத்த அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். முகத்தில் கடுகடுப்பு எதுவும் இல்லை. எங்களுக்குக் காபியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் தரச் சொன்னார். லோட்டெக்கு அன்று காலைதான் முதல் பல் தெரிந்திருந்தது. காத்திருந்தபோது வாசலில் நின்ற காவலாளிக்கு நான் போட்டோ காட்டியதால் டினிக்குப் பிறகு கோபம்.

திருமதி ப்ரூன்ஸ் காகிதத்தைப் புரட்டிவிட்டு ரைன்டரைப் பார்த்தார். இரண்டு நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த அம்மா எங்களுக்குக் கொடுக்கப் பார்க்கிறார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று நிற்கிற மாதிரி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்.

“மார்ச் மூணாந்தேதி எதுலயாவது கையெழுத்து போட்டீங்களா?”

“இல்ல.”

“அட்வான்ஸ் கொடுத்தீங்களா?”

“ஒரு காசு இல்ல.”

“எத்தனை பலகை, என்ன பலகைன்னு ஏதாவது எழுத்துல இருந்துச்சா?”

“இல்லம்மா.”

“அப்ப முதல் எழுத்து ஏப்ரல் ரெண்டுதான்.”

“எழுத்து அதுதான்.”

அந்த அம்மா பேனாவை எடுத்தார். “நல்லது. அப்ப மார்ச் மூணாந்தேதி நடந்தது வெறும் பேச்சு. அப்படி எழுதிக்கலாமா?”

ஆம் என்று ஒரு சொல் போதும். ஹார்ம் மேசைக்கு அடியில் ரைன்டரின் காலை மிதித்தான், நான் பார்த்தேன். ஃபெம்மி அக்கா பிஸ்கட்டைப் பாதி கடித்தபடி நிறுத்திவிட்டாள்.

ரைன்டர் தன் கையை மேசை மேல் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அம்மா, நான் முப்பத்தொம்பது வருஷம் மாட்டு வியாபாரம் பண்ணேன். ஒரு மாட்டுக்கும் கையெழுத்து போட்டதில்ல. அப்ப அதெல்லாம் வெறும் பேச்சா?”

“நான் மாட்டப் பத்திக் கேக்கலையே, ஐயா.”

“பலகைக்கும் இதே கைதாம்மா.”

வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர் சிரிப்பை அடக்கினார். திருமதி ப்ரூன்ஸ் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முயற்சி செய்தார்.

“வேற மாதிரி கேக்குறேன். மறுநாள் காலைல உங்களுக்கு மனசு மாறியிருந்தா, வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்லையா? சட்டம் உங்களத் தடுத்திருக்காதே?”

“சட்டம் தடுக்குமோ என்னவோ. நான் சொல்லியிருக்க மாட்டேன்.”

“ஏன்?”

“கையடிச்சாச்சு.”

“ஹார்ம், நீங்க என்ன சொல்றீங்க?”

ஹார்ம் வாயைத் திறந்தான். ரைன்டர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் ஹார்ம் அந்தக் கையைப் பார்த்தான். அவன் அப்பாவையும் நினைத்திருப்பான். காரில் அத்தனை பேசினவன், “மாமா சொல்றதுதாங்க” என்று முணுமுணுத்தான்.

அக்டோபரில் தீர்ப்பு வந்தது. மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தில், மனுதாரரின் சொந்த வாக்குமூலத்தின்படி மார்ச் மூன்றாம் தேதியே வேலை முழுமையாக ஒப்படைக்கப்பட்டுவிட்டது, எழுத்து இல்லை என்பதால் அதன் உறுதி குறையவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆகவே மறுப்பு செல்லும்.

ஃபெம்மி அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்துக் குளிர்சாதனப் பெட்டி மேல் காந்தத்தால் ஒட்டினாள். அந்த மாதம் முழுவதும் ரைன்டர் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அவர் மூக்குக்கு நேராக இருந்தது. நான் பாதிப் பணம் தருகிறேன் என்று போய்ச் சொன்னேன்.

“தேதிய நான்தான மச்சான் தட்டுனேன்.”

“நான் சொன்னத நீ தட்டுன. போய்ப் பேத்தியத் தூக்கு, போ.”

“அக்கா, நீங்களாவது வாங்கிக்கங்க.”

“வாங்கிட்டா இந்த ஆளு உன்கிட்டயும் கையடிச்சுட்டுத் தூங்காம கெடப்பாரு, தம்பி. வேணாம்” என்றாள். பிறகு சமையலறை ஜன்னல் வழியாகக் காரவனைப் பார்த்தாள். “எனக்குத் தெரியும் இவர் ஏன் அப்படிச் சொன்னாருன்னு. எங்கப்பாதான அந்தக் கையத் திரும்ப வெளிய எடுத்துவிட்டாரு. தெரிஞ்சும் கோவம் வருது. தெரிஞ்சதால இன்னும் அதிகமா வருது.”

காரவனுக்கு விளம்பரம் போட்டோம். அதையும் நான்தான் தட்டினேன், இந்தத் தடவை டினியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. இரண்டாயிரத்து எண்ணூறு என்று போட்டோம். நாற்பது பேர் செய்தி அனுப்பினார்கள். கடைசி விலை என்ன என்று முப்பது பேர். தெற்கே எங்கோ இருந்து ஒருவன், சும்மா தருவீர்களா, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டான். வருகிறேன் என்று சொன்ன மூன்று பேர் வரவில்லை. ரைன்டர் மூன்று சனிக்கிழமையும் தாடி மழித்து, வாசலில் நின்றார்.

நாலாவது சனிக்கிழமை ஸ்வோலெ நகரத்திலிருந்து ஒரு இளைஞன் வந்தான். நல்ல பையன். உள்ளே ஏறிப் பார்த்தான், படுக்கையைத் தட்டிப் பார்த்தான். ரைன்டர் கையை நீட்டி விலை சொன்னார். அவனுக்கு விளையாட்டு மாதிரி பிடித்துவிட்டது. இரண்டு பேரும் அடித்து அடித்து இரண்டாயிரத்து அறுநூறில் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ரைன்டரின் முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத வெளிச்சம். புதன்கிழமை வந்து இழுத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். நேராக இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்றார். பணம் பையிலேயே இருந்தது.

“வித்தாச்சு” என்றார் ரைன்டர்.

“இங்கதான நிக்குது?”

“நிக்கும். வித்தாச்சு.”

அந்த மனிதர் மூவாயிரம் என்றார். ரைன்டர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். ஃபெம்மி அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் போனுக்குத்தான் செய்தி வந்தது. ஸ்வோலெக்காரன். என் பார்ட்னருக்கு மஞ்சள் திரைச்சீலை பிடிக்கவில்லை, வேறு ஒன்று பார்த்துவிட்டோம், சிரமத்துக்கு மன்னிக்கவும், கடைசியில் ஒரு சூரியன் படம். நான் போனை எடுத்துக்கொண்டு மூன்று வீடு நடந்தேன். ரைன்டர் படித்தார். இன்னொரு தடவை படிக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

“கையடிச்சானே மாப்ள.”

“அவனுக்குத் தெரியாது மச்சான். அவன் ஏதோ விளையாட்டுன்னு நெனச்சிருக்கான்.”

“கையப் பிடிச்சானே.”

ஞாயிற்றுக்கிழமை வந்தவருக்குப் போன் செய்தோம். அவர் திங்கட்கிழமையே வேறு வாங்கிவிட்டார். ஹார்ம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் அவனுக்கும் பலகைக் கம்பெனி நெருக்கிக்கொண்டிருந்தது என்று ரைன்டருக்குத் தெரியும். நவம்பரில் பழைய காரவன் வாங்கி விற்கும் கடைக்காரன் ஒருவன் வந்து, இரண்டாயிரத்து நூற்று ஐம்பது என்றான். ரைன்டர் கையை நீட்டினார். அவன் அந்தக் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, மூன்று பக்கம் கையெழுத்து வாங்கினான். குறைந்த ஐம்பதை ரைன்டர் தன் பர்ஸிலிருந்து போட்டு அன்றைக்கே ஹார்ம் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரில் அவர் சொன்னார்.

“ஒண்ணு கவனிச்சியா மாப்ள? இந்த நாடு முழுக்க என் கையடிய மதிச்சது ஒரே ஒரு இடம். நகராட்சி ஆபீஸ். எழுத்து இல்லேன்னாலும் உறுதி குறையாதுன்னு அச்சடிச்சே குடுத்துட்டான்.”

“அதுவும் பணம் தராம இருக்கத்தான மதிச்சான்.”

“அதத்தான் சொல்றேன்.”

இப்போது ஜூலை. லோட்டெ நடக்கிறாள். நான்கு அடி வைத்துவிட்டு உட்காருவாள். இந்தத் தெருவில் அவளைப் போல உட்காரத் தெரிந்தவர் யாரும் இல்லை. மதியம் அவளைத் தூக்கிக்கொண்டு ரைன்டர் வீட்டுப் பக்கம் போவேன்.

கூரையில் பத்துப் பலகையும் கருநீலமாக மின்னுகின்றன. வெயில் நேரத்தில் ஊரே மிச்சக் கரண்டை லைனுக்கு அனுப்புவதால் லைன் தாங்கவில்லை, அனுப்புகிறவர்களிடம் கட்டணம் வாங்குவோம் என்று கரண்டு கம்பெனி போன மாதம் கடிதம் போட்டது. அந்தக் கடிதத்தையும் ஃபெம்மி அக்கா குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டிவிட்டாள், பழையதற்குப் பக்கத்தில். அன்றிலிருந்து மதியம் பன்னிரண்டு அடித்தால் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் போட்டுவிடுகிறாள். துணி மிஷின், பாத்திர மிஷின், ஓவன், எல்லா அறையிலும் ஹீட்டர். வெளியே இருபத்தேழு டிகிரி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹீட்டர் ஓடுகிறது.

காரவன் நின்ற இடத்தில் தரைக்கல் மட்டும் வெளுப்பாக, நீளச் சதுரமாகத் தெரிகிறது. கடைக்காரன் இழுத்துப்போன அன்று அவள் ஒரே ஒரு பொருளை உள்ளேயிருந்து எடுத்து வைத்துக்கொண்டாள், அந்த மடக்கு நாற்காலியை. இன்று மதியம் நான் போனபோது வெளுத்த கல் மேல் அதைப் போட்டு, கூரையைப் பார்த்துத் திருப்பி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரைன்டர் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது, ஃபெம்மி. ஹீட்டர நிறுத்திடட்டுமா?”

“ஓடட்டும்.”

“யாருமே இல்லாத அறையில எதுக்கு?”

“முப்பத்தொரு வருஷக் கடல வித்து வாங்குன கரண்டு. ஒரு துளிகூட அந்தக் கம்பெனிக்காரனுக்குப் போகக் கூடாது.”

ரைன்டர் என்னைப் பார்த்தார். நான் லோட்டெயை இறக்கிவிட்டேன். அவள் வெளுத்த கல்லில் மூன்று அடி வைத்து, நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இவ நிக்கிறான்னா இங்க ஏதோ பாக்கறா” என்றார் ரைன்டர், பேச்சை மாற்றுவதற்காக.

“என்னத்தப் பாக்கறது. பத்து பலகை” என்றாள் ஃபெம்மி அக்கா. காபியை ஒரு வாய் குடித்தாள். “போய் உனக்கும் ஒரு நாற்காலி கொண்டா. நின்னுக்கிட்டு வெயில மறைக்காத.”